பெல்ட் அண்ணை பறந்த தூரம்

உலகத்திலேயே ஆகக்கூடின தூரம் பறந்த மனிசன் ஆரெண்டு கேட்டால் நீங்கள் ஆரோ ஒரு பைலற்றைச் சொல்லுவியள். இல்லாட்டி ஒரு நாட்டுத் தலைவரைச் சொல்லுவியள். இரண்டும் பிழை. அது சிட்னியில, கிரவீனில எங்கட வேலிக்கு அங்கால இருந்த பெல்ட் அண்ணை. கொழும்பு, சென்னை, சிங்கப்பூர், லண்டன், ரொறன்ரோ எண்டு அந்தாள் பறக்காத இடமில்லை. அவ்வளவும் தன்ர கராஜுக்குள்ள இருந்துகொண்டு.

சிரிக்காதேங்கோ. நானும் முதல் சிரிச்சனான்தான்.

அவருக்கும் அம்மா அப்பா வைச்ச பேர் ஒண்டு இருந்திருக்கும். ஆனா எங்களுக்கு அவர் பெல்ட் அண்ணை, பிள்ளையளுக்குப் பெல்ட் அங்கிள். தனிக்கட்டை. இருபது வருசத்துக்கு மேல சிட்னி எயார்போட்டில பிளேனுக்குள்ள துப்புரவாக்கிற வேலை செய்தவர். ஆக்கள் எல்லாரும் இறங்கினாப் பிறகு ஏறுவார், புது ஆக்கள் ஏற முன்னம் இறங்கிவிடுவார். பிளேன் பறக்காத நேரமாப் பார்த்து அதுக்குள்ள சீவிச்ச மனிசன். பென்சன் எடுத்த கையோட, உடைச்சு விக்கிற பழைய பிளேன் ஒண்டில இருந்து இரட்டைச் சீற் ஒண்டை எங்கயோ தேடிப்பிடிச்சுக் கொண்டுவந்து கராஜுக்குள்ள பூட்டிப்போட்டார். நீல நிறம், நடுவில கை வைக்கிற கட்டை, இரண்டு பெல்ட். காரைத் தூக்கி ரோட்டில விட்டிட்டார்.

அதுக்குப் பிறகுதான் கூத்துத் தொடங்கினது. எங்கட ஆக்களில ஆர் பறக்கிறதெண்டாலும் அவருக்குப் பிளேன் நம்பரையும் நேரத்தையும் சொல்லோணும். அந்தப் பிளேன் அங்க வெளிக்கிடுற மினிற்றுக்கு இவர் இஞ்ச கராஜுக்குள்ள பெல்ட்டைப் போட்டுக்கொண்டு இருந்திடுவார். கொழும்பு எண்டால் பதினொரு மணித்தியாலம். சிங்கப்பூரில மாறிப் போற ஆள் எண்டால் இவர் சிங்கப்பூரில பெல்ட்டைக் கழட்டிப்போட்டு, பின்வளவில உடுப்புக் காயப்போடுற கொடியைச் சுத்தி நாலு ரவுண்ட் நடந்துபோட்டு, திரும்பவும் வந்து இருப்பார். சோறு கறியை வெள்ளித்தாள் பெட்டியில போட்டு வைச்சு, அங்க சாப்பாடு குடுக்கிற நேரம் பார்த்து இவரும் சாப்பிடுவார். அவ்வளவு பெரிய வெறுங் கராஜுக்குள்ள முழங்கையை விலாவோட ஒட்டி வைச்சுக்கொண்டு, பக்கத்தில இருக்கிற ஆளில இடிபடாமல் சாப்பிடுறதைப் பார்க்கோணுமே!

டிசம்பர் லீவு வந்தால் அந்தாளுக்குக் கலியாண மண்டபம் மாதிரி புக்கிங். ஒருநாள் ஒரு குடும்பம் லண்டனுக்கும் இன்னொரு குடும்பம் சென்னைக்கும் ஒரே பகல் வெளிக்கிட்டினம். பெல்ட் அண்ணை கையை விரிச்சுப்போட்டார்.

"ஒருத்தன் ஒரே நேரத்தில ரெண்டு பிளேனில இருக்கேலுமே தம்பி? கொஞ்சம் புத்தியாக் கதைக்கச் சொல்லு" எண்டார் என்னட்டை.

புத்தியைப் பற்றிக் கதைச்சது ஆரெண்டு பாருங்கோ!

இந்த விசருக்கு ஒரு விளக்கமும் வைச்சிருந்தார். ஒரு பின்னேரம் அவரிட்டை வாங்கின ஏணியைத் திருப்பிக் குடுக்கப் போனன். கராஜ் கதவு அரைவாசி திறந்து கிடந்தது. மனிசன் பெல்ட்டோட இருக்கிறார்.

"சிட்னியில இருந்து மெல்பேணுக்கு எவ்வளவு தூரம் தம்பி?" எண்டு கேட்டார்.

"ரோட்டால எண்ணூற்றி எண்பது கிலோமீற்றர் மட்டில வரும்."

"ஆகாயத்தால?"

"ஒரு எழுநூறு."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம் இருபத்தைஞ்சு மினிற்."

"ஆர் சொன்னது?"

"ரிக்கற்றில கிடக்கே அண்ணை."

"அது பிளேனுக்கு. ஆளுக்கு எவ்வளவு நேரம்?"

நான் ஏணியைக் கீழ வைச்சன்.

"உடம்பைப் பிளேன் கொண்டு போயிடும்" எண்டார். "மிச்ச ஆள் அவ்வளவு கெதியா வராது. பின்னால மெல்லமாத்தான் வரும். நான் எத்தினை வருசமாச் சீற் துடைச்சனான், எனக்குத் தெரியாதே? ஆக்கள் இறங்கிப் போனாப் பிறகும் கொஞ்சப் பேர் சீற்றில இருப்பினம். ஆளைத் தெரியாது. சூடு தெரியும். சில சீற்றில மூச்சும் கேக்கும். தன்ர உடம்பு எங்க போச்செண்டு தெரியாமல் அப்பிடியே இருக்குங்கள் பாவங்கள். அதுகளை ஆராவது கூடவே இருந்து கூட்டிக்கொண்டுபோய் விடோணும்."

அப்பதான் பார்த்தன், அவருக்குப் பக்கத்துச் சீற்றிலையும் பெல்ட் பூட்டிக் கிடக்கு. சீற்றில ஒருத்தரும் இல்லை. ஆனா பெல்ட் தொய்ஞ்சு கிடக்கேல்லை. ஒரு வயித்தைச் சுத்தி நிக்கிறது மாதிரி உயர்ந்து நிக்குது. கோதாரி, சும்மா இருக்காமல் நான் கையை நீட்டிச் சீற்றைத் தொட்டுப் பார்த்தன். சூடு. ஆரோ அரை மணித்தியாலமா இருந்த சூடு.

"இ... இதில ஆரண்ணை?"

"பெண்டில் ஹில் கடைக்காரற்ற மாமியார். டார்வினுக்கு மேலால போறா. கையை எடு, மனிசிக்குக் கூச்சம்."

ஏணியை அங்கயே போட்டிட்டு ஓடிவந்தன். அந்த ஏணியை நான் பிறகு கேட்டுப் போகவேயில்லை, அவற்ற சாமான் அவரிட்டைச் சேர்ந்ததெண்டு சந்தோசம்.

இன்னொரு சட்டமும் வைச்சிருந்தார். பிளேன் இறங்கினால் காணாது. போன ஆள் அவருக்குப் போன் எடுத்து "இறங்கியாச்சு" எண்டு சொல்லோணும். அதைக் கேட்டால்தான் பெல்ட்டைக் கழட்டுவார். இப்ப எல்லாம் போனில பிளேன் எங்க நிக்குதெண்டு பார்க்கலாம்தானே எண்டு ஒரு பெடியன் காட்டினதுக்கு, "உது பிளேன் இறங்கினதைச் சொல்லும். ஆள் இறங்கினதைச் சொல்லுமே?" எண்டு கேட்டுப் பெடியன்ர வாயை அடைச்சுப்போட்டார்.

போனில குரலைக் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்லுவார். கெல்லிவில்லில செந்தில் எண்டொரு கம்ப்யூட்டர்காரத் தம்பி, தமிழ்நாட்டு ஆள், நல்ல பகிடிக்காரன். அவன் சென்னைக்குப் போய் இறங்கினவுடன மரியாதைக்குப் போன் எடுத்திருக்கிறான்.

"அங்கிள், லேண்ட் ஆயிட்டேன்."

"இல்லைத் தம்பி. உங்கட குரலுக்குள்ள ஆள் இல்லை. நாளைக்கு எடுங்கோ."

"என்ன அங்கிள் சொல்றீங்க? என் பெட்டியே வந்திருச்சு, நான் வரலையா?"

"பெட்டி வந்திட்டுது. நீங்கள் வரேல்லை. நாளைக்கு எடுங்கோ."

செந்தில் சிரிச்சுக்கொண்டு வீட்டை போயிருக்கிறான். தாய் கதவைத் திறந்து, தோளைத் தடவி, காப்பி குடுத்து, எதிரில இருத்தி வைச்சுக்கொண்டு, "எப்பப்பா வர்ற?" எண்டு கேட்டிருக்கிறா. இவன் பகிடியெண்டு நினைச்சான். மத்தியானம் இவனுக்குச் சோறு போட்டுப்போட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்திருக்கிறா. பின்னேரமும் அப்பிடித்தான். தகப்பன் தங்கச்சி எல்லாரும் சும்மா இருக்க, தாய் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறா. அடுத்தநாள் விடிய இவன் பல்லுத் தீட்டிக்கொண்டு நிக்கேக்க பின்னால வந்து கட்டிப்பிடிச்சு, "வந்துட்டியாடா!" எண்டு அழுதாவாம். செந்தில் வாய் நுரையோட ஓடிப்போய்ப் பெல்ட் அண்ணைக்குப் போன் எடுத்தான்.

"ம். இப்பதான் வந்தனீங்கள்" எண்டிட்டு மனிசன் வைச்சிட்டார். அண்டைக்குக் கராஜில அவர் இருந்தது மொத்தம் ஒண்டரை நாள். இடையில கக்கூசுக்கு எழும்பினவரோ எண்டு கேட்டன். பெல்ட் லைற் அணைஞ்சால்தானே எழும்பலாம் எண்டார். கராஜில எங்க லைற் எண்டு நான் கேக்கேல்லை. கேட்டால் காட்டிப்போடுவார் எண்டு பயம்.

அந்தாளைக் கணக்கெடுக்காமல் போனவையும் இருந்தவை. குவேக்கர்ஸ் ஹில்லில ஒரு அன்ரி, வாய் கொஞ்சம் நீளம். "உந்த விசரனிட்டைச் சொல்லிப்போட்டோ நான் பிளேன் ஏறோணும்?" எண்டு சொல்லிப்போட்டு மெல்பேணுக்கு ஒரு கலியாணத்துக்குப் பறந்தா. புதுக் காஞ்சிபுரம், கழுத்து நிறைய நகை. நாள் முழுக்க மேடையைச் சுத்திச் சுத்தித் திரிஞ்சவ. பிறகு கலியாணப் படம் வந்தது. அறுநூறு படம். ஒண்டிலையும் அன்ரி இல்லை! பந்தியில அவவுக்கு அங்கால இருந்தவ இருக்கிறா, இஞ்சால இருந்தவ இருக்கிறா, நடுவில கதிரை இருக்கு, கதிரையில காஞ்சிபுரத்தின்ர தலைப்பு மாதிரி ஒரு மினுக்கம் இருக்கு. படக்காரன் கோயிலடியில சத்தியம் பண்ணினான், எடுத்தனான் எண்டு. அடுத்த கலியாணத்துக்கு அன்ரி முதல் ஆளா வந்து பெல்ட் அண்ணையிட்டைப் பிளேன் நம்பரை எழுதிக் குடுத்திட்டுப் போனா. வடையும் குடுத்தவ.

இவ்வளவும் நான் வேலிக்கு இஞ்சால நிண்டு பார்த்த புதினம். எனக்கும் அந்தாளுக்கும் இந்த விசயத்தில ஒரு தொடர்பும் வராதெண்டு நிம்மதியா இருந்தன். ஏனெண்டால் நான் பிளேன் ஏறுறதில்லை. சிட்னி ரெயிலில முப்பது வருசம் வேலை செய்தவன், நிலத்தில ஓடாத எதையும் நம்பமாட்டன். இந்த நாட்டுக்கு வந்தபோது ஒருக்கா ஏறினன். கை காலெல்லாம் விறைச்சு, பக்கத்தில இருந்த சீனக் கிழவியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பத்து மணித்தியாலம் கத்தினன். அண்டைக்கே சத்தியம் பண்ணினன். மகள் கலியாணம் முடிச்சு மெல்பேணுக்குப் போனாப் பிறகும் நானும் மனிசியும் காரிலதான் போவம். ஹியூம் ஹைவே, ஒன்பது மணித்தியாலம், வழியில கண்டகாயில நிப்பாட்டிப் புட்டும் சம்பலும். மனிசிக்கு இடுப்பு நொந்தால் எனக்கென்ன, உயிரோட போய்ச் சேர்ந்தமா இல்லையா?

இரண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு செவ்வாய்க்கிழமை. மனிசி தமக்கையின்ர சுகயீனத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தா. மருமகன் மேற்கு ஒஸ்ரேலியாவில கனிமச் சுரங்கத்தில வேலை, இரண்டு கிழமைக்கு ஒருக்காத்தான் வீட்டை வாறவன். மகளுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் அஞ்சு கிழமை கிடக்கு. விடிய எட்டு மணிக்குப் போன் வந்தது.

"அப்பா, பிரஷர் கூடிப்போச்சுதாம். இண்டைக்கே சிசேரியன். ரெண்டு மணிக்குத் தியேட்டர்." பிள்ளையின்ர குரல் நடுங்கினது. "அம்மாவும் இல்லை, அவரும் இல்லை. எனக்குத் தனியப் போகப் பயமா இருக்கப்பா. ப்ளீஸ், கம்."

மனிசி யாழ்ப்பாணத்தில இருந்து வாறதெண்டால் ஒண்டரை நாள். மருமகன் இரண்டு பிளேன் மாறி வந்தாலும் இரவாகும். காரில நான் வெளிக்கிட்டால் போய்ச்சேரப் பின்னேரம் அஞ்சு மணி. ஒரு மணித்தியாலம் இருபத்தைஞ்சு மினிற் தூரத்தில இருந்தது நான் ஒருத்தன்தான். எனக்குத்தான் கால் எழும்பேல்லை.

மனிசி போனில கத்தினா. "ஏறித் துலையுமன் மனிசா! அங்க பிள்ளை தனியக் கிடக்குது! உமக்குப் பயமெண்டு அவள் பெறாமல் இருக்கேலுமே?"

நான் ஒரு கையில பையும் ஒரு கையில சப்பாத்துமா வீட்டு முத்தத்தில நிண்டு அழுதன். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதன். வேலிக்கு மேலால பெல்ட் அண்ணையின்ர தலை தெரிஞ்சது.

"எத்தினை மணிப் பிளேன்?"

"பதினொண்டு. ஆனா அண்ணை, எனக்கு ஏலாது."

"சப்பாத்தைப் போடு. ராக்சி சொல்லிப்போட்டன். நீ ஏறு, நான் இருக்கிறன்."

அவ்வளவுதான். ஒரு புத்திமதியும் சொல்லேல்லை. நான் ராக்சிக்குள்ள ஏறேக்க திரும்பிப் பார்த்தன், மனிசன் வெள்ளித்தாள் பெட்டி ஒண்டும் தண்ணிப் போத்தலும் எடுத்துக்கொண்டு கராஜுக்குள்ள போறார். மெல்பேண் கிட்டத்தானே, சாப்பாட்டை ஏன் கொண்டுபோறார் எண்டு அந்த அவதியிலையும் யோசிச்சன்.

பிளேனில எனக்கு யன்னல் கரைச் சீற். பக்கத்துச் சீற் வெறுமை. கதவைச் சாத்தினாங்கள். எனக்கு மூச்சு அடைச்சது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பக்கத்தில கிழவி ஒண்டும் இல்லாத குறைக்கு நடுக்கட்டையைப் பிடிச்சன். பிளேன் ஓடத் தொடங்கினபோது பக்கத்தில "கிளிக்" எண்டு ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்து பார்த்தன். வெறும் சீற்றில பெல்ட் பூட்டிக் கிடக்கு. தொய்ஞ்சு கிடக்கேல்லை. ஒரு வயித்தைச் சுத்தி நிக்குது.

கத்தியிருக்கோணும். கத்த வாயைத் திறந்தனான்தான். ஆனா சீற் துடைக்கிற எலுமிச்சம்பழ மருந்து மணத்தது. அது பெல்ட் அண்ணையின்ர சேட்டில எப்பவும் மணக்கிற மணம். எனக்குச் சொல்லத் தெரியேல்லை, அந்த மணம் வந்தவுடன நெஞ்சு இறங்கினது. பணிப்பெண் பிள்ளை வந்து எனக்கு ஒரு பிஸ்கற் பைக்கற் தந்தாள். பக்கத்துத் தட்டிலையும் ஒண்டு வைச்சாள்.

"அதில ஒருத்தரும் இல்லையே பிள்ளை" எண்டு இங்கிலீசில சொன்னன்.

"ஓ, சொறி" எண்டாள். சொன்னவள் பைக்கற்றை எடுக்காமல், அந்தப் பக்கம் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரிச்சுப்போட்டுப் போனாள்.

அதுக்குப் பிறகு நான் நித்திரை. ஓம், நான்தான்! மெல்பேணில பனிப்புகார் எண்டு இருபத்தைஞ்சு மினிற் வட்டமடிச்சதாம், அது கூடத் தெரியாமல் வாயைத் திறந்துகொண்டு கிடந்திருக்கிறன். இறங்கேக்க பார்த்தன், பக்கத்துப் பிஸ்கற் பைக்கற் உடைச்சுக் கிடந்தது. நித்திரை வெறியில நானே சாப்பிட்டிருப்பன் எண்டு மனதைத் தேற்றிக்கொண்டு ஓடினன்.

ஆசுப்பத்திரிக்குள்ள போகேக்க ஒண்டே முக்கால். பிள்ளையின்ர கையைப் பிடிச்சன். அவளின்ர கை ஐஸ். என்னைக் கண்டவுடன விம்மி விம்மி அழுதாள். "அப்பா, பிளேனிலயோ வந்தனீங்கள்?" எண்டு அழுகைக்குள்ள சிரிச்சாள். நான் கூடவே தியேட்டருக்குள்ள போய்த் தலைமாட்டில இருந்தன். ரெண்டரைக்குப் பேத்தி. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அதுக்குப் பிறகு எனக்கு உலகத்தில ஒண்டும் ஞாபகமில்லை.

அடுத்தநாள் மத்தியானம் வரைக்கும் ஒண்டும் ஞாபகமில்லை. அதுதான் நான் செய்த பெரும் பிழை.

மகள் பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு கேட்டாள். "அப்பா, உங்களோட வந்த மற்ற அங்கிள் எங்க?"

"எந்த அங்கிள்?"

"நேற்றுத் தியேட்டருக்குப் போக முன்னம் நர்ஸ் சொன்னாவே. அப்பாவும் அவரோட இன்னொரு வயசான ஜென்டில்மேனும் வந்திருக்கினம் எண்டு. அவர் வெளியில கதிரையில இருந்தாராம். ஏன் அவர் பிள்ளையைப் பார்க்க வரேல்லை?"

பேத்தியைக் கொண்டாட்டமாப் படம் எடுத்து உலகம் முழுக்க அனுப்பினன். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் "இறங்கியாச்சு" எண்டு சொல்லேல்லை! அந்தாள் நான் சொல்லாமல் பெல்ட்டைக் கழட்டமாட்டாரே!

போன் எடுத்தன். அடிக்கவேயில்லை, நேர மெசேஜுக்குப் போகுது. பத்துத் தரம் எடுத்தன். செந்திலுக்கு எடுத்து, "தம்பி, ஓடு, கராஜைப் பார்!" எண்டன். இருபது மினிற்றில அவன்ர குரல் வந்தது, குசுகுசுவெண்டு.

"அங்கிள்... உக்காந்திருக்கார். பெல்ட் போட்டிருக்கார். கண்ணு திறந்தே இருக்கு."

"மூச்சு இருக்கோ?"

"இருக்கு. ஆனா ஒரு கால் தூண் மாதிரி வீங்கிக் கெடக்கு. ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன். பெல்ட்டைக் கழட்டப் போனா கையைத் தட்டி விடுறார். போன் சார்ஜ் போயிருச்சாம், சார்ஜர் கிச்சன்ல இருக்காம், எந்திரிச்சா நீங்க விழுந்துடுவீங்களாம். உங்க குரலைக் கேக்கணும்ங்கிறார்."

"கிட்டக் குடு."

வெறும் மூச்சு மட்டும் கேட்டது. நான் விக்கி விக்கிச் சொன்னன். "அண்ணை, நான்தான். இறங்கியாச்சு அண்ணை. பேத்தி. ரெண்டே கால் கிலோ. மகள் சுகமா இருக்கிறாள்."

பிறகு, "ம்... ஆள் இருக்கு. வந்திட்டாய்" எண்டார்.

"கிளிக்" எண்டு பெல்ட் கழண்டது. அதுக்குப் பிறகு இன்னொரு "கிளிக்."

"அங்கிள்" எண்டான் செந்தில், குரல் உடைஞ்சு. "ரெண்டாவது பெல்ட்டை நானும் தொடல, அவரும் தொடல."

சிட்னி ஆசுப்பத்திரியில பெல்ட் அண்ணைக்குக் காலுக்குள்ள இரத்தம் கட்டிப்போச்செண்டு படுக்க வைச்சிட்டினம். டொக்டர் பிள்ளை கேட்டதாம், "அண்மையில தூரப் பயணம் ஏதும் பறந்தனீங்களோ?"

"ஓம். சிட்னியில இருந்து மெல்பேண்."

"அது ஒண்டரை மணித்தியாலம்தானே?"

"எங்கட ஆள் இருபத்தாறு மணித்தியாலம் எடுத்தவர்" எண்டிருக்கிறார். டொக்டர் தலைக்கும் ஒரு ஸ்கான் எழுதினதாகச் செந்தில் சொன்னான்.

மனிசி வந்து மகளைப் பொறுப்பெடுத்த அடுத்தநாளே நான் சிட்னிக்குத் திரும்பினன். பிளேனில. எனக்காகக் கராஜில இருக்க ஆள் இல்லை, அந்தாள் கட்டிலில கிடக்கு. பக்கத்தில ஒரு தடியன் கொறட்டை விட்டுக்கொண்டு வந்தான். பயம்தான், செத்துப் பிழைச்சன், ஆனா வந்தன். நேர ஆசுப்பத்திரிக்குப் போனன். மனிசன் காலைத் தலகணியில தூக்கி வைச்சுக்கொண்டு சின்னதாகிப்போய்க் கிடந்தார்.

"மறந்துபோனன் அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் ஒரு மாடு."

"மறக்கத்தானே வேணும்" எண்டார். "போய்ச் சேர்ந்தவன் வந்த வழியை ஏன் நினைக்கிறான்? நீ உடன எடுத்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பன். படத்தைக் காட்டு."

பேத்தியின்ர படத்தைக் கண்ணுக்குக் கிட்ட வைச்சு நெடுநேரம் பார்த்தார். பிறந்து ஆறு நாளான பிள்ளையின்ர மூக்கு மெல்பேண் மூக்கு எண்டார். நான் சிரிச்சன். சிரிச்சாப் பிறகுதான் அந்தக் கேள்வி என்ர வாயில வந்தது. இத்தினை வருசம் வேலிக்கு இஞ்சால இருந்தும் ஒருக்காலும் கேக்கத் தோன்றாத கேள்வி.

"அண்ணை, ஊரில எல்லாருக்கும் நீங்கள் இருக்கிறியள். நீங்கள் இந்த நாட்டுக்கு வரேக்க உங்களுக்கு ஆர் இருந்தது?"

"எனக்கு ஆர் இருக்கிறது? ஒருத்தருக்கும் தெரியாமல் வெளிக்கிட்டது. இறங்கினாப் பிறகு போன் எடுக்கிறதுக்கும் ஒரு நம்பர் இல்லை."

"அப்ப?"

"அப்ப என்ன. நான் இன்னும் வந்து சேரேல்லைத் தம்பி."

பஸ் கொஞ்சம் சுணங்குது எண்டு சொல்லுறது மாதிரி சாதாரணமாச் சொல்லிப்போட்டு, படத்தைத் திருப்பித் தந்தார். அவற்ற கை என்ர கையில பட்டது. அந்தக் கையில சூடே இல்லை. பென்சன் எடுத்த நாளில இருந்து இந்த மனிசன் ஊரவையின்ர மிச்ச ஆளையெல்லாம் காவிக்கொண்டு திரிஞ்சிருக்கிறார், தன்ர மிச்சம் எந்த ஆகாயத்தில நிக்குதெண்டு தெரியாமல். நாங்கள் வடை குடுத்ததோட சரி.

கதிரையை அவற்ற கட்டிலோட ஒட்ட இழுத்துப்போட்டு இருந்தன். அந்தக் குளிர்ந்த கையை எடுத்து என்ர இரண்டு கைக்குள்ளையும் வைச்சுக்கொண்டன்.

"வீட்டை போ தம்பி. களைச்சு வந்திருக்கிறாய்" எண்டார்.

"போறன் அண்ணை" எண்டன். "முதல் நீங்கள் வந்து சேருங்கோ."